இசைத்தாளில் ரகசிய மை: ஜோசஃபின் பேக்கர் நாடகத்துக்கு விவரம் தேவை

அரசலாறு (கும்பகோணம்) கேட்டது:

வணக்கம். கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு 40 நிமிட நாடகம் ஒன்று தயாராகிறது. போர்க்காலத்தில் உளவு பார்த்த மேடைக் கலைஞர்கள்தான் கரு. நடுவில் பாரிஸின் பாட்டு, நடன நட்சத்திரம் ஜோசஃபின் பேக்கர். தை மாதம், திறந்தவெளி மேடை, இரவு 7 மணிக்குத் தொடக்கம். கடைசி வரிசை மேடையிலிருந்து 60 அடி.

மூன்று சந்தேகம். ஒன்று, இசைத்தாளில் ரகசிய மையால் எழுதிக் கடத்தினார் என்பது உண்மையா? கதையில் அதை எங்கே வைப்பது? இரண்டு, எழுத்து தெரியவருவதை மேடையிலேயே செய்து காட்ட வேண்டும். எலுமிச்சைச் சாறும் மெழுகுவர்த்தியும் போதுமா? மூன்று, முதல் உலகப் போரில் உளவாளி என்று சுடப்பட்ட நடனக்காரி மாத்தா ஹாரியையும் சேர்க்கணும்னு பசங்க நிக்கிறாங்க. "நம்ம பக்கத்துக் கோயில் நடனக்காரி" என்று வாட்ஸ்அப்பில் ஏதோ வந்திருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி (திருவையாறு):

முதல் கேள்விக்கு: உண்மைதான். ஆனால் மையை மையமாக வைத்தால் நாடகம் தடம் மாறிவிடும். காரணம் கடைசியில்.

பேக்கர் 1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். 1925-ல் பாரிஸ் மேடைக்கு வந்தார், 1937-ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1939-ல் போர் மூண்டதும் பிரெஞ்சு ராணுவ உளவுத்துறை அதிகாரி ஜாக் அப்தே அவரை அணுகினார். அப்தேக்கு முதலில் தயக்கம். இன்னொரு மாத்தா ஹாரி விவகாரம் ஆகிவிடுமோ என்ற பயம். உங்கள் பசங்க கேட்கிற மாத்தா ஹாரிக்கு இந்த ஒரு வரி வசனமே போதும் என்பேன்.

ஆரம்ப வேலை தூதரக விருந்துகளுக்குப் போவது, காதில் விழுவதை நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்வது. 1940-ல் ஜெர்மானியர் பாரிஸை நெருங்கும் முன் தெற்கே தோர்தோஞ் பகுதியில் இருந்த மிலாந்த் மாளிகைக்குப் போய்விட்டார். வழிக்கு வேண்டிய பெட்ரோலை ஷாம்பெயின் பாட்டில்களில் நிரப்பி எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். மேடைப் பொருளாக அது மிக எளிது, பார்வையாளர் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்கும் காட்சி 1940 நவம்பரில் வருகிறது. பிரான்சிலிருந்து ஸ்பெயின் வழியாக போர்ச்சுகலின் லிஸ்பன். வெளியே சொன்ன காரணம் தென் அமெரிக்கச் சுற்றுப்பயணம். அப்தே கள்ளப் பாஸ்போர்ட்டில் "ஜாக் ஏபேர்" என்ற பெயரில் அவருடைய செயலாளராகப் போனார். ஜெர்மானியப் படை நிலைகள், விமானத் தளங்கள் பற்றிய குறிப்புகள் இசைத்தாள்களில் ரகசிய மையில் இருந்தன. புகைப்படங்கள் பேக்கரின் உடைக்குள் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எல்லையில் அவரை யாரும் துருவிச் சோதிக்கவில்லை. கையெழுத்துக் கேட்டார்கள். இன்னொருவராக இருந்தால் விசா எதற்கு, இவ்வளவு பெட்டி எதற்கு, கூட வருகிற ஆள் யார் என்று மூன்று கேள்வியில் மாட்டியிருப்பார். நட்சத்திரத்துக்கு மூன்றுக்கும் பதில் தயார்: கச்சேரி, உடுப்பு, செயலாளர். மாறுவேடமே போடாமல் தன் சொந்தப் பெயரிலேயே போனதுதான் அவர் போட்ட வேடம். ஆகவே சுங்கச் சோதனைக் காட்சிக்கு 6, 7 நிமிடம் கொடுங்கள். பெட்டிகள் நிறைய இருக்கட்டும், 10-க்குக் குறையக் கூடாது. இசைத்தாள் எல்லோர் கண்ணிலும் படும்படி மேலேயே கிடக்கட்டும். அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துக் கேட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கட்டும்.

மையை இங்கே தெரியவைக்காதீர்கள். லிஸ்பன் காட்சியில் தெரியட்டும். அதுவரை பார்வையாளருக்கும் அது வெறும் பாட்டுத்தாளாகவே இருக்க வேண்டும்.

பிறகு 1941 தொடக்கத்தில் வட ஆப்பிரிக்கா. மிலாந்திலிருந்த நாயையும் குரங்குகளையும் வரவழைத்துக் கூட்டிக்கொண்டே போனார். அந்தக் கூட்டத்தைப் பார்த்தவன் உளவுக் குழு என்று நினைப்பானா? 1941 நடுவில் காசாபிளாங்காவில் மருத்துவமனையில் படுத்தவர் 1942 கடைசி வரை எழ முடியவில்லை, வயிற்று உள்ளுறைத் தொற்று. இறந்துவிட்டார் என்றே அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த நோய்ப் படுக்கையும் பயன்பட்டது. அமெரிக்கத் துணைத் தூதர்களும் மொராக்கோப் பிரமுகர்களும் "நலம் விசாரிக்க" வந்து அங்கேயே சந்தித்துக்கொண்டார்கள். 1942 நவம்பர் 8-ல் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு பூங்கொத்து. செலவில்லாத நல்ல காட்சி.

முடிவில் விருது காட்டுவதாக இருந்தால் வருடம் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு இயக்கப் பதக்கம் 1946. பிரான்சின் உயரிய விருதான லெஜியோன் தோனர், போர்ச் சிலுவை இரண்டும் மிலாந்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது 1961. பாரிஸில் பெருமக்களின் நினைவிடமான பாந்தியோனில் இடம் பெற்றது 2021 நவம்பர் 30. அங்கே வைத்த பெட்டியில் உடல் இல்லை. செயின்ட் லூயிஸ், பாரிஸ், மிலாந்த், மொனாக்கோ மண்தான். உடல் மொனாக்கோவிலேயே இருக்கிறது. "உடலைத் தோண்டி எடுத்து வந்தார்கள்" என்று வசனம் எழுதிவிடாதீர்கள்.

பாமணி (மன்னார்குடி):

இரண்டாவது கேள்வி நம்ம பக்கம். எலுமிச்சை, மெழுகுவர்த்தி வேண்டாம் தம்பி. சாறு பட்ட இடம் மற்ற இடத்தை விட முன்னால் கருகுவதால்தான் எழுத்து பழுப்பாகத் தெரிகிறது. அதாவது தாள் கருகுவதற்கு அரை நொடி முன்னால் நிறுத்தணும். திறந்தவெளியில் காற்று அடிக்கும், சுடர் ஆடும், ஒரு ஓரம் பற்றிக்கொள்ளும். பந்தலில் துணியும் கீற்றும் இருக்கும். இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தால் பாதுகாப்பு, ஆனால் பழுப்பு எழுத்து 10 அடிக்கு மேல் தெரியாது.

60 அடிக்கு எழுத்து உயரம் 6 அங்குலம் இருக்கணும். 10 அடிக்கு ஒரு அங்குலம் என்பது பலகை எழுதுகிறவர்கள் கணக்கு. ஆகவே கையில் பிடிக்கும் சின்ன இசைத்தாள் ஒன்று, அதே மாதிரி பெரிய சார்ட் ஒன்று என இரண்டு செய்துகொள்ளுங்கள். சின்னது நடிப்புக்கு, பெரியது பின்னால் தொங்கட்டும்.

என் முதல் தேர்வு பினாஃப்தலீன். சோடா, சுண்ணாம்பு மாதிரி காரப் பொருள் பட்டால் இளஞ்சிவப்பாகும் வேதிப்பொருள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நிச்சயம் இருக்கும். 1 கிராம் தூளை 50 மில்லி ஆல்கஹாலில் முழுசாகக் கரைத்து, அப்புறம் தண்ணீர் 50 மில்லி சேர்க்கணும். வரிசையை மாற்றினால், அல்லது தண்ணீரை அதிகமாக விட்டால், பால் மாதிரி கலங்கிவிடும். அதில் எழுதினால் காய்ந்த பிறகு வெள்ளைத் தடம் தெரியும். 1 அங்குலத் தட்டைத் தூரிகையால் எழுதி நிழலில் காயவிடுங்கள். அழுத்தி எழுதினால் தாள் சுருங்கி, சாய்வு வெளிச்சத்தில் எழுத்து முன்னாடியே காட்டிக்கொடுக்கும். போர்க்காலத் தணிக்கைக்காரர்கள் முதலில் தேடியதும் இதைத்தான்: மை எதுவாக இருந்தாலும் ஈரம் பட்ட நார் பழையபடி படியாது. அயோடின் ஆவி காட்டினால் கலைந்த நார் மேல் நிறம் கூடுதலாக ஏறும், மை எதுவென்றே தெரிய வேண்டியதில்லை. அதனால் விவரம் தெரிந்த உளவாளிகள் எழுதிய பிறகு தாள் முழுவதையும் லேசாக நீராவியில் காட்டி, அழுத்தி உலர்த்துவார்கள். நீங்களும் செய்யலாம், நல்ல பலன்.

தெரியவைக்க: வாஷிங் சோடா 2 தேக்கரண்டி, அரை லிட்டர் தண்ணீர், செடிக்குத் தெளிக்கும் கைத் தெளிப்பான். இரண்டு அடி தள்ளி நின்று பனி மாதிரி அடிக்கணும். பளிச்சென்று இளஞ்சிவப்பு வரும். கிட்டத்தில் வைத்துப் பீய்ச்சினால் நிறம் வழிந்து எழுத்து கண்ணீர் விட்ட மாதிரி ஆகிடும். சோடாவுக்குப் பதில் காஸ்டிக் சோடா போட்டால் சிவப்பு வந்து சில நிமிடத்தில் மறைந்துவிடும், கைக்கும் கேடு, தொடாதீர்கள். வாஷிங் சோடா சிவப்பும் நிரந்தரமில்லை, காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு வெளுக்கும். அதனால் இதே சார்ட்டை மறுநாள் காட்சிக்கு வைக்க முடியாது.

கெட்டுப்போகும் இடங்கள்:

தாள். இப்போது கிடைக்கும் வெள்ளைத் தாள் பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள் கலந்தது, தானே கொஞ்சம் காரம். சில தாளில் எழுதும்போதே மங்கலாகச் சிவக்கும். வாங்குவதற்கு முன் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிவந்தால் மல் துணிக்குப் போங்கள். துணியை சோப்புப் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் சிவக்கும். வெறும் தண்ணீரில் நாலைந்து முறை அலசணும்.

ஐந்து கோட்டு இசைக் குறிப்பை இங்க்ஜெட்டில் அச்சடித்தால் தெளிக்கும்போது கரைந்து ஓடும். ஜெராக்ஸ் அல்லது லேசர் அச்சு எடுங்கள். பெரிய சார்ட்டில் தண்ணீரில் கரையாத மார்க்கர்.

தைப் பனி. 7 மணிக்கு மேல் தாள் ஈரம் இழுத்துத் தொங்கும். பின்னால் தெர்மாகோல் பலகை ஒட்டிவிடுங்கள். தெளித்த பிறகு தாள் கிழியாமலும் இருக்கும்.

"நம்ம ஊர் பொருளில்" செய்யணும் என்றால் கஞ்சியும் அயோடினும் இருக்கு: வடித்த கஞ்சியைத் தண்ணியாக்கி எழுதி, நீர்த்த அயோடின் தடவினால் கருநீலம். ஆனால் கடைத் தாளின் மேல்பூச்சிலேயே மாவுச்சத்து உண்டு. தாள் முழுக்க நீலமாகி எழுத்து தொலைந்துவிடும். வடிதாளில் மட்டும்தான் சரிவரும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், அதில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தவும். அதில் எலுமிச்சைச் சாறால் தடித்த எழுத்து. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி ஒரு லிட்டரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தெளித்தால் துணி ஆரத்தித் தண்ணீர் நிறத்துக்கு மாறும், புளிப்பு பட்ட எழுத்து மட்டும் மஞ்சளாக நிற்கும். கூட்டம் கைதட்டும். ஆனால் அதிகம் தெளித்தால் எழுத்தும் மூழ்கிப்போகும். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, நடிகர்கள் நிற்கும் திசைக்கு எதிரே தெளிக்கணும். பாரிஸில் மஞ்சள் துணி ஏது என்று யாராவது கேட்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

புற ஊதா டார்ச் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். வெண்மையூட்டி கலந்த தாள் முழுக்க நீலமாக ஒளிரும்.

வெட்டாறு (நாகப்பட்டினம்):

மாத்தா ஹாரி பற்றி வாட்ஸ்அப்பில் வந்தது அவரே 1905-ல் பாரிஸில் அவிழ்த்துவிட்ட கதை. தான் மலபார்க் கரையில் பிறந்தவள், தாய் கோயில் நடனக்காரி என்றெல்லாம் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பிறந்தது 1876-ல் நெதர்லாந்தின் லீவார்டனில். தகப்பனார் தொப்பிக் கடைக்காரர். இயற்பெயர் மார்கரேத்தா செல்லெ. டச்சு ராணுவ அதிகாரியான கணவரோடு ஜாவா, சுமத்ராவில் சில வருடம் இருந்தார். அங்கே பார்த்ததை வைத்துக் கட்டிய ஆட்டத்தை 1905 மார்ச் 13-ல் பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தில் அரங்கேற்றினார்.

நாடகத்தில் தயவுசெய்து அந்தப் பெண்ணுக்கு அலாரிப்பு ஆட வைக்காதீர்கள். அவருக்கு ஒரு அடவும் தெரியாது. திரைச்சீலை மாதிரி மெல்லிய துணிகள், உலோக மார்க்கச்சு, ஜாவா மாதிரித் தலையணி, ஒரு சிவன் சிலை, நிறைய மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் அந்த ஆட்டம். நம்மவர்களின் நிஜ சதிரை பாரிஸ் அதற்கு 67 வருடம் முன்பே, 1838-ல், பார்த்திருக்கிறது; கடலூர் பக்கம் திருவஹீந்திரபுரத்திலிருந்து அம்மணி முதலான தேவதாசிகள் போய் ஆடினார்கள். பசங்களுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்களே வாட்ஸ்அப்பை மறந்துவிடுவார்கள்.

உளவு விஷயத்தில் அவர் தேர்ச்சியானவர் இல்லை. 1916-ல் ஜெர்மானியத் துணைத் தூதர் ஒருவரிடம் 20,000 பிராங்க் வாங்கினார், ஹெச் 21 என்ற எண் கொடுத்தார்கள். கொடுத்த ரகசிய மைக் குப்பிகளைக் கால்வாயில் வீசிவிட்டேன் என்பது அவர் வாக்குமூலம். பிரெஞ்சு உளவு அதிகாரி லாதூவும் அவரை வேலைக்கு அமர்த்தினார். மாட்ரிட்டிலிருந்த ஜெர்மானிய ராணுவ அதிகாரி பெர்லினுக்கு அனுப்பிய வானொலிச் செய்திகளை பிரெஞ்சுக்காரர்கள் இடைமறித்தார்கள், அதில் ஹெச் 21 அகப்பட்டார். 1917 பிப்ரவரி 13 கைது, ஜூலையில் இரண்டே நாள் விசாரணை, அக்டோபர் 15 வான்சேனில் சுட்டுக் கொன்றார்கள். சில நாளில் லாதூவே உளவாளி என்று கைதாகி, பிறகு விடுதலையானார். பேக்கரோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பேக்கருக்குப் பின்னால் ஒரு துறை நின்றது. மாத்தா ஹாரியை இரண்டு துறைகளும் செலவு செய்துவிட்டன. குடமுருட்டி சொன்னபடி ஒரு வரி வசனமே சரி. தனிக் காட்சி வைத்தால் நாடகத்தை அவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

மந்திர வித்தைக்காரர் ஜாஸ்பர் மாஸ்கெலின் அலெக்சாந்திரியா துறைமுகத்தையே மறைத்தார் என்ற கதையும் யாராவது கொண்டுவருவார்கள். அவர் எகிப்தில் ராணுவ மறைப்புப் பிரிவில் இருந்தது நிஜம். துறைமுகத்தை மறைத்ததும் சூயஸை மறைத்ததும் அவர் பெயரில் 1949-ல் வந்த புத்தகத்தின் அளப்பு. வேண்டாம்.

அரசலாறு (கும்பகோணம்):

எல்லோருக்கும் நன்றி. பினாஃப்தலீன்தான் செய்யப்போகிறோம். மாத்தா ஹாரி ஒரு வரியோடு சரி. அந்த இடத்தில் நூர் இனாயத் கானை வைக்கலாமா? அவருடைய வானொலிப் பெட்டி எப்படி இருக்கும்? குறியீட்டுச் செய்தியை மேடையில் காட்ட வழி உண்டா?

குடமுருட்டி (திருவையாறு):

வைக்கலாம். தொழில்முறை மேடைக் கலைஞர் இல்லை, ஆனால் வீணையும் ஹார்ப்பும் கற்றவர், பாரிஸ் வானொலியில் குழந்தைகளுக்குக் கதை சொன்னவர், 1939-ல் ஜாதகக் கதைகளைப் புத்தகமாகப் போட்டவர். தந்தை இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த வீணைக் கலைஞர், சூஃபி குரு. திப்பு சுல்தான் வழியினர். 1943 ஜூன் 16 இரவு சிறு விமானத்தில் பிரான்சில் இறங்கினார். ஜெர்மனி ஆக்கிரமித்த பிரான்சுக்கு பிரிட்டன் அனுப்பிய, வானொலிக் கருவியை இயக்கும் முதல் பெண் உளவாளி. அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டு மாட்டினார். அனுப்பிய செய்திகளை எல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தது ஜெர்மானியர் கையில் கிடைத்தது. அதை வைத்து அவர் பெயரிலேயே லண்டனோடு பேசினார்கள். 1944 செப்டம்பர் 13-ல் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். அந்த நோட்டை மேடையில் முதலிலிருந்தே காட்டுங்கள்.

பாமணி (மன்னார்குடி):

பெட்டி சாதாரணத் துணிப் பெட்டி அளவுதான், கனம் சுமார் 15 கிலோ. உள்ளே செய்தி அனுப்பும் கருவி, வாங்கும் கருவி, மின் இணைப்பு, உதிரிச் சாமான். அட்டைப் பெட்டியை வைத்து நடித்தால் தூக்கும் தோளிலேயே பொய் தெரியும். பழைய தோல் பெட்டியில் செங்கல் 4 வைத்துக் கட்டுங்கள். ஏரியல் சுமார் 20 மீட்டர் கம்பி. மறைக்க முடியாத சாமான் அதுதான். துணி காயப்போடும் கொடியாக மேடையின் குறுக்கே கட்டிவிடலாம்.

இன்னொரு வேலை. ஜெர்மானியர்கள் தெருத் தெருவாக மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தத் தெருவை நிறுத்தியபோது சிக்னல் நின்றதோ, ஆள் அங்கே. மேடை விளக்கை மூன்று பிரிவாகப் போட்டு ஒவ்வொன்றாக அணையுங்கள், மோர்ஸ் ஒலி ஓடிக்கொண்டே இருக்கட்டும். மூன்றாவது அணையும்போது ஒலியும் நிற்கணும். வசனமே தேவையில்லை. விளக்குக்காரரும் ஒலிக்காரரும் ஒரே ஆளாக இருந்தால்தான் நேரம் பொருந்தும்.

குறியீடு: நூர் மாதிரி உளவாளிகள் மனப்பாடக் கவிதையிலிருந்து சொற்களை எடுத்து, எழுத்துகளை இருமுறை இடம் மாற்றினார்கள். தமிழிலேயே செய்யலாம், உயிர்மெய்க்கு ஒரு கட்டம். திறவுச்சொல் "வடவாறு". அகரவரிசைப்படி ட 1, வ 2, வா 3, று 4. செய்தி "நாளை இரவு படகு வரும்", 11 எழுத்து. கட்டம் நிரம்ப ஒரு பொய் எழுத்து "க". நாலு நாலாக எழுதினால்:

வ ட வா று
நா ளை இ ர
வு ப ட கு
வ ரு ம் க

1, 2, 3, 4 வரிசையில் பத்தி பத்தியாகக் கீழ்நோக்கி எடுத்தால்: ளைபரு நாவுவ இடம் ரகுக. இதையே மறுபடி அதே கட்டத்தில் எழுதி எடுத்தால்: பவர ளைவும் ருஇகு நாடக. கடைசியில் "நாடக" என்று விழுந்தது தற்செயல், ஆனால் உங்களுக்குச் சிரிப்பு நிச்சயம். திறவுச்சொல்லின் முதல் எழுத்தே அகரவரிசையில் முதலாக வரக்கூடாது ("காவிரி" போட்டால் இதுதான் ஆகும்). செய்தியின் முதல் எழுத்து இடம் மாறாமல் அப்படியே நின்றுவிடும்.

தவறும் இடம் எண்ணிக்கைதான். ஒரு எழுத்து விடுபட்டால் பத்தி முழுக்க நகர்ந்து, வந்தது எதுவும் படிக்க முடியாது. மறுபடி அனுப்பச் சொன்னால் சிக்னல் வரும் திசையைத் தேடி அலையும் ஜெர்மானிய வண்டிக்கு இன்னும் சில நிமிடம் கொடுத்த மாதிரி. அதனால் இங்கிலாந்தில் இரவு முழுக்க உட்கார்ந்து எந்த எழுத்து விட்டுப்போயிருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். நூர் தனியாக உட்கார்ந்து எழுதும் காட்சிக்கு இணையாக, மேடையின் மறுபக்கம் இங்கிலாந்தில் இரண்டு பெண்கள் கட்டம் நிரப்பட்டும்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி):

ஆள் குறைவாக இருந்தால் பிரெஞ்சு ஊமை நடிப்புக் கலைஞர் மார்செல் மார்சோவை யோசியுங்கள். ஊமை நடிப்பு, செட் வேண்டாம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1923-ல் மாங்கெல் என்ற யூதக் குடும்பத்தில் பிறந்தவர், தந்தை கசாப்புக் கடைக்காரர், ஆஷ்விட்ஸில் இறந்தார். மார்சோ அடையாள அட்டைகளில் வயதைக் குறைத்துத் திருத்தி, கட்டாய வேலை முகாமுக்குப் பிடித்துப் போகாதபடி பிள்ளைகளைக் காப்பாற்றினார். குழந்தைகளைச் சுவிட்சர்லாந்து எல்லைக்குக் கூட்டிப் போகும்போது சத்தம் வராமல் இருக்க நடித்துக் காட்டினார். மூன்று நிமிடம், ஐந்து பிள்ளைகள், ஒரு வெள்ளை முகம். ஆனால் இடுப்பளவு திரைக்குப் பின்னால் நடக்க விடாதீர்கள். ஊமை நடிப்பில் பாதம் தெரியாவிட்டால் 60 அடியில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

பின்னணிக்கு ஒன்று. 1943-ல் லண்டனிலிருந்து பிரெஞ்சு மக்களுக்கு ஒலிபரப்பிய நிகழ்ச்சியின் முகப்பு இசை, அன்னா மார்லி இசையமைத்த எதிர்ப்புப் பாட்டின் சீழ்க்கை வடிவம். ஜெர்மானியர் இரைச்சல் போட்டு அலைவரிசையைக் கெடுத்தாலும் சீழ்க்கை அதைத் தாண்டிக் கேட்டது. ஒலிபெருக்கியில் இரைச்சலை முன்னாடியே பதிவுசெய்து ஓடவிட்டு, சீழ்க்கையை நேரடியாக மைக்கில் அடிக்க வையுங்கள். வாயிலிருந்து மைக் ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கணும். நேராக வைத்தால் காற்று மோதி "புஸ்" என்றுதான் வரும். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும் என்றும் முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.